தீர்த்தம் பட்ட களிமண்

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் எங்கள் வீட்டுச் செபப்பீடத்தில், மாதா சுரூபத்தைவிடப் பெரியதாக ஒரு கண்ணாடி ஜாடி பல மாதங்கள் உட்கார்ந்திருந்தது. கனமான மூடி. மூடியின் விளிம்பில் காற்று புகாமல் இருக்க கிரீஸ் தடவியிருக்கும். அடியில் ஈரத்தை உறிஞ்சுகிற நீல நிற மணிகள், அவற்றின் மேல் ஓட்டைகள் போட்ட ஒரு தட்டு, தட்டின் மேல் வட்ட வட்டமாகக் களிமண் வில்லைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் மாதாவுக்கு ஒரு கும்பிடும் ஜாடிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. கும்பிடுகிற கை தொடாது என்பது என் கணக்கு.

அது செபப்பொருள் அல்ல, என் ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் ஆய்வுக்கூடம் ஒழுகியது. மழை வந்தால் மேசைக்கு மேசை பக்கெட் வைக்கிற இடத்தில் ஈரமே படக்கூடாத பொருளை எங்கே வைப்பது? உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பத்திரமாக இருக்கும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியரே சொல்லிவிட்டார். ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. ஐப்பசி பிறந்தால் சமையலறை ஜாடியில் உப்பே கசிந்து நிற்கும். இருந்தாலும் கூரை ஒழுகாது, அந்த ஒரு தகுதிக்காக ஜாடி ரயிலேறி ஆவடிக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் என் மடிமேல் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தது.

நான் ஆராய்ந்தது செவ்வாய் கிரகத்தில் இருந்த பழைய நீரை. இதைச் சொன்னாலே எங்கள் தெருமுனை அடுக்குமாடியில் குடியிருக்கும் அம்மாள் ஒருத்தி, தன் மகளுக்கு செவ்வாய் தோஷம் என்றும், அதற்கு நான் படிக்கிற படிப்பில் ஏதாவது வழி உண்டா என்றும் கேட்பாள். எனக்கே முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, வழி தெரிந்தால் எனக்குப் பயன்படாதா என்று கேட்டு அவளை அனுப்பிவைப்பேன்.

அங்கே இன்று ஆறு இல்லை, ஏரி இல்லை, மழை இல்லை. ஆனால் ஒரு காலத்தில் நீர் இருந்தது என்று அங்குள்ள கனிமங்கள் சொல்கின்றன. எரிமலைப் பாறை நீரில் ஊறினால் களிமண்ணாக மாறும். அதனால் எந்த இடத்தில் களிமண் கிடக்கிறதோ அந்த இடத்தில் நீர் இருந்திருக்கிறது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க வெந்நீர் போடுகிற ஹீட்டர் ராடை எடுத்துக் காட்டினேன். எங்கள் போர்வெல் தண்ணீர் அதன்மேல் வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. தண்ணீர் போன பிறகும் இருக்கிற இந்த ஓடுதான் தண்ணீர் இருந்ததற்குச் சாட்சி என்றேன். அம்மா ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ அங்கியும் போர் தண்ணிதான்னு சொல்லு.”

ஏறக்குறைய அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டேன். அம்மா என் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அதன்பிறகு எங்கள் தெருவில் வாரந்தோறும் கூடுகிற அன்பியக் கூட்டத்தில், நோயாளிகளுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் மன்றாடிய கையோடு, என் களிமண்ணுக்காகவும் மன்றாட்டு வைக்க ஆரம்பித்தாள். தெரு முழுக்க “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்லும். செவ்வாய் கிரகத்துக்காக இத்தனை பேர் செபித்தது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

களிமண்ணில் இரண்டு விதமான நீர் உண்டு. ஒன்று, அடுக்குகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கிற நீர். வெயில் பட்டால் எழுந்து போய்விடும், காற்றில் ஈரம் இருந்தால் திரும்பி வரும். இன்னொன்று, பாறையைக் களிமண்ணாகவே ஆக்கிய நீர். அது அந்த மண்ணின் எலும்போடு சேர்ந்துவிட்டது, காய்ந்தாலும் போகாது. வில்லையின் மேல் ஒளியைப் பாய்ச்சினால், அது தனக்கு வேண்டிய ஒளியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பித் தரும். திரும்பி வந்ததைக் கோடாக வரைந்தால், விழுங்கிய இடங்களில் பள்ளம் தெரியும். முதல் நீருக்கு ஒரு பள்ளம், இரண்டாவதற்கு வேறொரு பள்ளம். செவ்வாயைச் சுற்றுகிற கலங்கள் மேலிருந்து பார்ப்பதும் இந்தப் பள்ளங்களைத்தான்.

நான் எரிமலைப் பாறையைப் பொடித்து, மூடிய கலத்தில் நீரோடு சேர்த்து நெடுநாள் சூடாக்கி, நானே களிமண் செய்தேன். அதை வில்லைகளாக அழுத்தி ஜாடிக்குள் வைத்துக் காயவைத்தேன். செவ்வாய் அளவுக்குக் காய்ந்த பிறகும் இரண்டாவது பள்ளம் அப்படியே நிற்கிறது என்று காட்டினால் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும்.

அந்த அத்தியாயத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி இருந்தது. ஆய்வுக் குழுவில் இருந்த மூத்த பேராசிரியை ஒருவர், நான் வழவழவென்று பேசி முடித்ததும் கேட்டார்: செவ்வாயில் நீர் வந்துவிட்டுப் போனதா, தங்கியிருந்ததா? ஒரு நாள் ஈரத்தையும் நெடுங்கால ஏரியையும் உங்கள் கோடு பிரித்துக் காட்டுமா? மேலும் ஆய்வு தேவை என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. பதில் இல்லாமல் பட்டம் வாங்கப் போவதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

முடிவு கட்டுவது சுலபம். நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆராய்ச்சி எல்லாம் சனிக்கிழமைகளில்தான். அப்படியே இழுத்து இழுத்து, பதிவுக் காலத்தை நீட்டித்து, கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அத்தனை வருட உழைப்பும் குப்பைக்குப் போகும்.

இந்த நிலையில்தான் அந்தக் கோடுகளை வரைகிற நிறமாலைக் கருவியில் எனக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது. முந்தின நாள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. முடித்துவிட்டு வர நேரமாகிவிட்டது. அம்மா வழக்கத்துக்கு மீறிய உற்சாகத்தோடு தோசை ஊற்றிப் போட்டாள். நாளைக்குத்தானே எல்லாத்தையும் எடுத்துக்கினு போற என்று கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றேன்.

விடிந்தும் விடியாமலும் எழுந்து ஜாடியைத் திறந்தேன். அடியில் இருந்த நீல மணிகளில் பாதி இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. ஈரம் பட்டால்தான் அவை நிறம் மாறும். கிரீஸ் சரியாக இல்லை, மழைக்காற்று உள்ளே போயிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் கருவியை இன்று விட்டால் அடுத்து எப்போது கிடைக்குமோ தெரியாது. வில்லைகளை ஒவ்வொன்றாகச் சிறு டப்பிகளில் போட்டு, தட்டில் எது எந்த இடத்தில் இருந்தது என்று மூடியில் குறித்துக்கொண்டு பையில் வைத்தேன். வாசலில் அம்மா நின்றாள். நான் பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குப் போன காலத்திலிருந்து நடக்கிற வழக்கம் அது. தீர்த்தத்தில் கட்டைவிரலைத் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

கருவியில் முதல் வில்லையை வைத்ததும் கோடு வந்தது. களிமண் பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் காய்ந்து மறைந்திருக்க வேண்டிய நீர்ப்பள்ளம், மழைக்காலத்து ஆவடி ரோட்டில் விழுகிற பள்ளம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அடுத்த வில்லையிலும் அப்படித்தான். சிலவற்றில் ஆழம், சிலவற்றில் கொஞ்சம் குறைவு. என் வழிகாட்டி திரையில் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். அவர் கோபப்படுகிறவர் அல்ல. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“ஈரம் ஏறியிருக்கும்மா. இந்த அத்தியாயத்த விட்டுடுங்க. மீதி இருக்கிறதே பட்டத்துக்குப் போதும்.”

போதாது சார் என்றேன். எனக்கே என் குரல் கொஞ்சம் அதிகப்படியாகக் கேட்டது. காற்றில் இருக்கிற ஈரம் என்றால் எல்லா வில்லைக்கும் ஒரே மாதிரி ஏறியிருக்க வேண்டும், இது ஆளுக்கு ஒரு மாதிரி ஏறியிருக்கிறதே, ஏன் என்று தெரியாமல் விடமாட்டேன் என்றேன். அவர் கையை விரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நான் வில்லைகளை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.

ஆழமான பள்ளம் காட்டிய வில்லைகளின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன, புழுதியில் தூறல் விழுந்த மாதிரி. ஒவ்வொரு குழியையும் சுற்றி ஒரு வெள்ளை வளையம். வளையத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கனசதுரங்கள், சாயாத விளிம்புள்ள சுத்தமான கனசதுரங்கள். அது சமையல் உப்பு என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். என் பாறைப் பொடியில் அந்த உப்பு கிடையாது, நான் ஊற்றிய வடிநீரிலும் கிடையாது. அப்படியானால் எங்கிருந்தோ உப்புத் தண்ணீர் இதன்மேல் விழுந்து, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இத்தனை வருடம் வேறொரு கிரகத்தில் எதைத் தேடினேனோ அதுவே என் கண்ணுக்குக் கீழே கிடந்தது.

டப்பி மூடிகளில் குறித்திருந்தபடி வில்லைகளை மேசைமேல் அதே வரிசையில் பரப்பினேன். குழி விழுந்தவை மேலே, நடுவே, கீழே, பிறகு இடம், வலம். மூலைகளில் இருந்தவற்றில் ஒரு குழியும் இல்லை. இந்த வடிவத்தை நான் நன்றாக அறிவேன். அன்று காலையில்தான் அது என் நெற்றியில் விழுந்திருந்தது.

எங்கள் பங்கில் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் தண்ணீரை மந்திரிக்கும்போது உப்பையும் மந்திரித்துப் போடுவார்கள். பங்கு மக்கள் ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவோம். எங்கள் வீட்டுப் பாட்டில் பீடத்தில், ஜாடிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

வழிகாட்டி திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்க வீட்டுல வச்சிருந்தா விபூதி போட்டிருப்பாங்க. உங்களுக்குத் தண்ணியோட போச்சு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ரயிலில் வருகிறபோது அம்மாவிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று அம்பத்தூர் வரை ஒரு முறையும், அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை இன்னும் காரமாக ஒரு முறையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜாடியைத் திறந்தாயா என்று கேட்டேன். திறந்தேன் என்றாள், மறைக்க அதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

“தொடாதேன்னு எத்தினி தபா சொல்லிக்கிறேன்?”

“நான் எங்க தொட்டேன்? தீர்த்தம்தான் தெளிச்சேன். நீ பரீட்சைக்குப் போறப்பல்லாம் போட்டு அனுப்பறன் இல்ல? அதுங்களும் பரீட்சைக்குத்தான போவுது.”

ரயிலில் தயார் செய்த அத்தனை வார்த்தையும் காணாமல் போனது. கோபம் மட்டும் போகவில்லை. கோபத்தில் அழுதேன். பல மாதம் ஒரு துளி ஈரம் படாமல் காத்ததையும், கடைசி நீட்டிப்பையும், பதிவு ரத்தாகப் போவதையும், வழிகாட்டி அத்தியாயத்தை விட்டுவிடச் சொன்னதையும் எல்லாம் கத்தினேன். எங்கள் வீட்டுச் சுவர் கனமில்லாதது. அடுத்த அன்பியத்துக்கு என்ன மன்றாட்டு வைக்கவேண்டும் என்று தெருவுக்கே தெரிந்திருக்கும். அம்மாவின் கை கீரைமேல் அப்படியே நின்றுவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை, எனக்கும் இல்லை.

“ரெண்டு சொட்டுதான் உட்டேன்” என்றாள், எனக்குக் கேட்கிற அளவுக்கு. பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. அம்மா முதல் பூசைக்குப் போனாள். நான் போகவில்லை. கெட்டுப்போன வில்லைகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். கோபம் தணியாததால், போடுவதற்கு முன் ஒன்றைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். பிளந்த முகத்தைப் பார்த்ததும் கத்தி கையிலேயே நின்றது. உப்பு வளையம் மேல்தோலில் மட்டும் இருந்தது. நகத்தால் சுரண்டினால் போய்விடும் அளவுக்கு மெல்லிசு. அதற்குக் கீழே, அடிவரைக்கும், நான் மாதக்கணக்கில் நீரில் வேகவைத்து ஆக்கிய அதே மஞ்சள் கலந்த பச்சைக் களிமண். அதில் எந்த மாற்றமும் இல்லை.

ரெண்டு சொட்டு வந்தது, போனது, தோலில் உப்பை விட்டது. நான் வேகவைத்தபோது தங்கியிருந்த நீரோ உள்ளே வரைக்கும் பாறையையே களிமண்ணாக மாற்றியிருந்தது. பேராசிரியை கேட்ட கேள்விக்குப் பதில் என் உள்ளங்கையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. காய்ந்த வில்லைமேல் வேண்டுமென்றே ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்ப்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? ஈரத்தை விரட்டுவதே பிழைப்பாக இருந்தவளுக்கு அது பாவம் செய்வது மாதிரி.

உடனே வழிகாட்டிக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தீர்த்தம் பட்ட வில்லையை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது, எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று யாருக்கும் தெரியாது என்றார். சேர்க்க வேண்டாம் சார் என்றேன். குழி விழாத வில்லைகள் இருக்கின்றன. அவற்றைத் திரும்பக் காயவைத்து, வடிநீரில் எடைபோட்ட உப்பைக் கரைத்து, அளந்து சொட்டு விடுகிறேன். களிமண்ணாக மாறாத வெறும் பாறைப் பொடி வில்லைகள் மேலும் அதே சொட்டை விடுகிறேன். சொட்டு நீர் பாறையைக் களிமண்ணாக்குகிறதா, வெறும் உப்புத்தோல்தான் விடுகிறதா என்று தெரிந்துவிடும். நேரம் இல்லையே என்றார். இருக்கிற நேரத்தில் செய்கிறேன் என்றேன். அந்தத் தேதிக்கு மேல் ஒரு நாள்கூட என்னால் வாங்கித் தர முடியாது என்று சொல்லிவிட்டு, சரி என்றார்.

ஜாடியைத் துறைக்கே கொண்டுவந்துவிடுங்கள், வீட்டில் வேண்டாம் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே இன்னும் பக்கெட் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதோடு, எங்கள் வீட்டுத் தவறை எங்கள் வீட்டிலேயே சரிசெய்யவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

வேகமாகக் காயவேண்டும் என்றால் மணிகளை அடிக்கடி மாற்றவேண்டும். சிவந்துபோன மணிகளைச் சூடாக்கினால் ஈரம் போய்த் திரும்பவும் நீலமாகும். அதற்கென்று சமையலுக்கு ஆகாத ஒரு பழைய வாணலியை ஒதுக்கினேன். முதல் நாள் நான் அடுப்பருகே நின்று கிளறுவதை அம்மா கதவோரம் நின்று பார்த்தாள். எங்களுக்குள் பேச்சு அவ்வளவாக இல்லாத நாட்கள் அவை. பார்க்கப் பொறுக்காமல் உள்ளே வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீ ரவை வறுத்தாலே கருக்கிடுவ. குடு இங்க.”

அன்றிலிருந்து மணி வறுப்பது அம்மாவின் வேலை. நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் ஒரு தட்டு நீல மணிகள் ஆறி, மூடி போட்டுத் தயாராக இருக்கும். எந்த நீலம் சரியான நீலம் என்று என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ஜாடிக்கு ஈரம் ஆகாது என்று, மழை பிடித்துக்கொண்ட பிறகும் ஹாலில் கொடி கட்டித் துணி காயப்போடவில்லை. எங்கள் உடுப்பெல்லாம் அரை ஈரத்தோடு நாற்றமடித்தது. ஜாடிக்குக் கும்பிடு போட வருகிறவர்களை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினாள். ஒரு நாள் பார்த்தால் தீர்த்தப் பாட்டில் பீடத்தில் இல்லை. அம்மா அதை எடுத்துத் தன் பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அதைப் பார்த்தபோது நான் அன்று கத்தியது எனக்கு உறைத்தது.

கார்த்திகையில் மழை வலுத்தது. ஏரி நிரம்பி, பள்ளத்தில் இருக்கிற தெருக்களில் தண்ணீர் ஏறியது. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அன்பியக் கூட்டத்தில் எல்லோரும் வீட்டுக்குள் தண்ணீர் வராமலிருக்க மன்றாடினார்கள். அம்மா, ஜாடிக்குள் தண்ணீர் வராமலிருக்க மன்றாடினாள். இரண்டுமே கேட்கப்பட்டன. எங்கள் வாசற்படி வரை வந்த வெள்ளம் அங்கேயே நின்று வடிந்தது. மணிகள் நீலமாகவே இருந்தன.

வில்லைகள் காய்ந்தன. சொட்டு விட்டேன். திரும்பவும் காயவைத்தேன். கருவியில் அடுத்த சனிக்கிழமை கிடைத்ததும் கொண்டுபோய் வைத்தேன். இம்முறை நீர்ப்பள்ளம் ஏறக்குறைய மறைந்திருந்தது, களிமண் பள்ளம் அசையாமல் நின்றது. சொட்டு பட்ட வெறும் பாறையில் உப்புத்தோல் மட்டும்தான், களிமண் பள்ளத்தின் சாயல்கூட இல்லை. பிளந்து பார்த்தேன், உள்ளே பாறை பாறையாகவே இருந்தது. வழிகாட்டி ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, எழுதுங்கம்மா என்றார். எழுதினேன். கல்லூரிப் பேருந்தில் எழுதினேன், தேர்வு அறையில் மேற்பார்வை பார்க்கும்போது மனதுக்குள் எழுதினேன். கெடு முடிவதற்குள் கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு நாளில் காலையிலேயே அம்மா பீரோவைத் திறந்தாள். பாட்டிலோடு வந்து, கட்டைவிரலை நனைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் கேட்டாள்.

“போடலாமா?”

“எம்மேல போடு. புஸ்தகத்து மேல வாணாம்.”

போட்டாள். இந்தத் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், குடும்பத்தோடு வருவதும் வழக்கம்தான். முடிந்ததும் எல்லோருக்கும் மிக்சரும் இனிப்பும் காபியும் உண்டு. பாதிப்பேர் அதற்காகவே வருவார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, இனிப்புப் பெட்டிகளைப் பக்கத்து நாற்காலியில் அடுக்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நான் பேசினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார், பதில் சொன்னேன். அந்த மூத்த பேராசிரியையும் வந்திருந்தார். எங்கள் பேச்சு எல்லாம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு, என்று கருதலாம், என்று தோன்றுகிறது என்றே போய்க்கொண்டிருந்தது. இந்தத் துறையில் அப்படித்தான் பேசவேண்டும். பேராசிரியை அந்தப் பழைய கேள்வியையே திரும்பக் கேட்க, என்னிடம் இருந்த பதிலையும் அந்த இருக்கலாம், கருதலாம் பஞ்சுக்குள் பொதிந்தே சொன்னேன். அவர் தலையசைத்தார்.

கடைசியில் தலைமை தாங்கியவர் எழுந்து, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். அது வெறும் சடங்கு. யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோருடைய கண்ணும் பெட்டிகள் மேல் இருக்கும். கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. அம்மா எழுந்து நின்றாள்.

“அந்தக் கிரகத்துல தண்ணி சும்மா வந்துட்டுப் பூட்சா, தங்கிக்கினு இருந்துச்சா? அத்தச் சொல்லு.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேராசிரியை மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். நான் கையிலிருந்த குறிப்புகளை மேசைமேல் வைத்தேன்.

“தங்கி இருந்துச்சும்மா” என்றேன். “உள்ள வரைக்கும் களிமண்ணா ஆயிக் கீது. ரெண்டு சொட்டுல அது ஆவாது.”

அம்மா தலையாட்டினாள்.

“அப்போ சரி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வேறு கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். யாருக்கும் இல்லை.